நகரசபைப் பணம் எந்த வழியாகப் போகிறது?

(எலெக்ட்ரானிக் சிட்டி வட்டாரத் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நாம் பேச வந்தது பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்றைப் பற்றி. நம் பெண்கள் முறை வைத்து இருபத்திரண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அறை அது. வீட்டுக்காரர் வாடகையைக் கூட்டிவிட்டார். கட்ட முடியாமல் போனால், குழந்தையை உள்ளே விட்டு வெளியே பூட்டுப் போட்டு வேலைக்கு ஓடிய பழைய காலம் திரும்பிவிடும். அது எப்படிப்பட்ட காலம் என்று தாய்மார்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

அங்கன்வாடி இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கிறது. ஆனால் அது மாலையில் மூடிவிடும். கார்மென்ட்ஸிலும் கட்டடத்திலும் ஹவுஸ்கீப்பிங்கிலும் வேலை செய்யும் தாய் வீடு திரும்ப இரவு ஏழு ஆகிறது. இடைப்பட்ட நேரத்துக்கு யார் பொறுப்பு? 2023ல் கர்நாடக அரசு ‘கூசின மனெ’ என்று 4,000 ஊராட்சிகளில் குழந்தைக் காப்பகம் அறிவித்தது. நல்ல திட்டம். ஆனால் அது ஊரக வேலை உறுதித் திட்டத்தில் வேலை செய்யும் தாய்மார்களுக்காக வந்தது. நம்மிடம் அந்த அட்டை இல்லை. ஊரிலும் நாம் கணக்கில் இல்லை, நகரத்திலும் கணக்கில் இல்லை.

தோழர்களே, இப்படிப்பட்ட சேவைக்கு நகரசபை பணம் கொடுப்பது புதுமை அல்ல. 1920ல் சர் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாமல் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் போட்டது. ஓர் அணாதான். அந்த ஓர் அணா மற்றப் பள்ளிகளுக்கும் பரவியது. ஆனால் 1925ல், ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து இந்தச் செலவு கூடாது என்று மேலிருந்த அரசு மறுத்ததும் திட்டம் நின்றது. தீர்மானம் போடும் மன்றமும் வேண்டும், எந்தத் தலைப்பில் பணம் வருகிறது என்ற தெளிவும் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் பிள்ளையின் தட்டு காலி.

நம் வட்டாரத்துக்கு வருவோம். 1978ல் கியோனிக்ஸ் என்ற மாநில அரசு நிறுவனம் கோணப்பன அக்ரஹாரத்திலும் தொட்டதோகூரிலும் 332 ஏக்கரில் இந்த எலெக்ட்ரானிக் சிட்டியைத் தொடங்கியது. 2013ல் இதற்குத் தனியாக ஒரு தொழில் நகரிய ஆணையம் ஏற்பட்டது. சொத்து வரி வாங்குவதும் ரோடு போடுவதும் அதன் பொறுப்பு. தொழில் நகரியம் என்றால் தேர்தல் நடத்தி நகரசபை அமைக்க வேண்டியதில்லை என்று அரசியல் சட்டத்தின் 243க்யூ பிரிவு இடம் கொடுக்கிறது. ஆகவே உள்ளே கவுன்சிலர் கிடையாது. நாம் பெருக்கும் தரை உள்ளே இருக்கிறது. நாம் படுக்கும் பாய் வெளியே, ஊராட்சியிலும் சின்ன நகரசபைகளிலும் கிடக்கிறது. வரி விளையும் இடம் ஒன்று, பிள்ளை அழும் இடம் வேறொன்று.

பெரிய மாநகராட்சியிலாவது நிலைமை மேலா? 2020 செப்டம்பரில் பெங்களூர் மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்தது. அதன்பின் ஐந்தாண்டுக்கு மேலாக, தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாமல் அதிகாரிகளே பட்ஜெட் போட்டார்கள். 2025 செப்டம்பரில் மாநகராட்சியை ஐந்தாகப் பிரித்தார்கள். பலகை மாறியது; கேள்வி கேட்க ஆள் வரவில்லை.

சரி, பணம் எந்த வழியாகப் போகிறது? நமக்குத் தெரிந்தவரை நான்கு வழி.

முதல் வழி, சட்டப்படி ஒதுக்கிய பங்கு. கர்நாடக நகரசபைகளில் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் நலனுக்கு 24.10 சதவீதம், மற்ற ஏழைகளுக்கு 7.25 சதவீதம், ஊனமுற்றோருக்கு 5 சதவீதம் என்று ஒதுக்கி வந்திருக்கிறார்கள். கேட்கிறவர் இல்லாத இடத்தில் இந்தப் பங்கு செலவாகாமல் தூங்கும், அல்லது சாக்கடைக்கும் சிமெண்டுக்கும் போகும்.

இரண்டாவது, ஒப்பந்தம். வீடற்றோர் காப்பகத்தை நடத்து, இத்தனை ரூபாய் தருகிறோம் என்பது. இதற்கு விளம்பரம், ஒப்பந்தப்புள்ளி, முன்வைப்புத் தொகை எல்லாம் உண்டு. 1999ஆம் ஆண்டின் கொள்முதல் வெளிப்படைச் சட்டம் இதற்காகவே வந்தது. அதே சட்டத்தில் 4(ஜி) என்ற விதிவிலக்கும் இருக்கிறது. அரசு விரும்பினால் டெண்டர் இல்லாமலே கொடுக்கலாம்.

மூன்றாவது, மேயர் நிதி, உறுப்பினர் நிதி என்ற விருப்பக் கொடை. இதற்கு விதியைவிட முகம் முக்கியம். ஓட்டு உள்ளவன் முகம்தான் தெரியும். நம்மில் பலருக்கு ஓட்டு இன்னும் தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் திருவண்ணாமலையிலும் இருக்கிறது.

நான்காவது, கம்பெனிப் பணம். 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் 135வது பிரிவின்படி, பெரிய கம்பெனிகள் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தாம் தொழில் செய்யும் வட்டாரத்துக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. இந்த வரியை இளைஞர்கள் குறித்துக்கொள்ளுங்கள். 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் மெட்ரோ பாதையில் ஸ்டேஷன் பெயர்களோடு கம்பெனிப் பெயர்களும் சேர்ந்திருப்பதைப் பார்க்கிறோம். ஸ்டேஷன் வந்தது நல்லதே. நாமும் அதில் போகிறோம். ஆனால் ஸ்டேஷனுக்குப் பெயர்ப்பலகை மாட்டலாம், பிள்ளை தூங்கும் தொட்டிலுக்கு மாட்ட முடியாது. அதனால்தான் தொட்டிலுக்கு யாரும் தானாக வருவதில்லை. நாம்தான் போய்க் கேட்க வேண்டும்.

கேட்டோமா? கேட்டோம். சென்ற ஆண்டு ஓர் அலுவலகத்துக்கு மனு எடுத்துக்கொண்டு ஐந்து பேர் போனோம். அங்கிருந்தவர் உட்காரச் சொல்லவில்லை. விளம்பரம் கன்னடத்தில் ஒரு வாரம் ஒட்டியிருந்ததாம், நமக்குத் தெரியவில்லை. அது அவர்கள் குறை. ஆனால் அவர் கேட்ட மூன்று கேள்விகள் நம் குறை. சங்கம் பதிவானதா? மூன்றாண்டுத் தணிக்கைக் கணக்கு எங்கே? கையெழுத்துப் போட இவருக்கு அதிகாரம் கொடுத்த தீர்மானம் எங்கே? மூன்றுக்கும் நாம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

ரயில்வேயில் பார்சல் குமாஸ்தா வேலை பார்க்கிறோம். பத்தாவதோடு படிப்பு நின்றது. ரசீது இல்லாமல் ஒரு மூட்டையையும் நகர்த்தாத நாமே, சங்கத்துச் சந்தாவைச் சட்டைப்பை டைரியில் எழுதி வைத்திருந்தோம். ஒரு பைசா தவறவில்லை என்பது உண்மை. ஆனால் நாணயம் மனதில் இருந்தால் போதாது, தாளிலும் இருக்க வேண்டும். அன்று அந்தப் படியில் இறங்கும்போது வெட்கப்பட்டோம். அந்த வெட்கத்தை இந்தச் சபையில் சொல்லிவிடுவதே நல்லது.

முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்கள் இதே பெங்களூரில் குப்பை பொறுக்கும் தோழர்களைப் பாருங்கள். அவர்களில் தமிழ் பேசுகிறவர்கள் பலர். 2011ல் மாநகராட்சியிடம் அடையாள அட்டை வாங்கினார்கள். ‘ஹசிரு தள’ அமைப்பு துணை நிற்க, பிறகு வார்டுகளில் உலர் கழிவு மையங்களை அவர்களே நடத்த மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டார்கள். முதலில் எண்ணிக்கையில் வந்தார்கள், பிறகு அட்டை, பிறகு ஒப்பந்தம். வெளிநாட்டிலும் வழி இருக்கிறது. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989 முதல் தெருமக்கள் கூடி நகரப் பணத்தில் எதை முதலில் செய்வது என்று முடிவு செய்தார்கள். 1981 முதல் லண்டன் பெருநகர மன்றம், வந்தேறிகள் சங்கங்களுக்கும் பெண்கள் குழுக்களுக்கும் மானியம் கொடுத்தது. 1986ல் மேலிருந்த அரசு அந்த மன்றத்தையே கலைத்துவிட்டது. ஆகவே மானியத்தை மட்டும் நம்பி இருப்பதும் ஆபத்து. நம் சந்தா நம் காலாக இருக்கட்டும், மானியம் ஊன்றுகோலாக இருக்கட்டும்.

செய்ய வேண்டியது இது. கர்நாடகச் சங்கங்கள் பதிவுச் சட்டம், 1960ன் கீழ் இந்த மாதமே பதிவுக்கு மனு போட வேண்டும். கணக்கை இரண்டு பேர் எழுத வேண்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். வருமான வரித் துறைப் பதிவும் கம்பெனிப் பணம் பெறுவதற்கான பதிவும் அதன்பின் வரும். மூன்றாண்டு அனுபவம் கேட்பார்கள், இன்று தொடங்கினால்தான் மூன்று வருடம் ஓடும். பத்து ரூபாய் கட்டி, 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி, சுற்றியுள்ள ஒவ்வொரு உள்ளாட்சியிடமும் ஒரே கேள்வி கேட்போம்: ஏழைகள் பங்கில் சென்ற ஆண்டு எவ்வளவு வந்தது, யாருக்குப் போனது? மனுவைக் கன்னடத்தில் எழுதுவோம். அது இந்த மண்ணின் மொழி, நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் மொழி. பக்கத்து அறைக் கன்னடத் தாயின் குழந்தையும் நம் அறையில்தான் தூங்குகிறது. அவரும் கையெழுத்துப் போடுவார்.

ஓட்டு விஷயம் கடினமானது. ஊர் ஓட்டை மாற்றினால் ஊரோடு உறவு அறுந்ததுபோல் தோன்றும். யாரையும் வற்புறுத்தமாட்டோம். ஆனால் வருடத்தில் பதினோரு மாதம் இங்கே இருக்கிறவர்கள் வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.

அதுவரை வாடகை? கூடுதல் வாடகையைப் பங்கு போட்டால் வீட்டுக்கு மாதம் எழுபது ரூபாய் வருகிறது. இந்த மாதப் பங்கை இங்கேயே வைக்கிறோம். துண்டு ஏந்தி வருகிறார்கள். ஒவ்வொருவரும் ரசீது கேட்டு வாங்குங்கள். நம் கணக்கின் முதல் பக்கம் அதுதான்.