நுண்ணலையும் அணு உலைச் சுவரும்

கட்டுவது அரிது, இடிப்பது எளிது என்பர். அணு உலைக் கட்டடத்திற்கு இது பொருந்தாது. ஜப்பானில் முதன்முதலாக அணுவினின்று மின்சாரம் விளைவித்தது, தோக்காய் என்னும் ஊரில் 1963-இல் இயங்கிய ஓர் உலை. அதனைப் பிரித்தெடுக்கும் பணி 1986 முதல் 1996 வரை நீடித்தது. இத்தகைய தாமதத்திற்குக் காரணங்கள் பல. அவற்றுள் கான்கிரீட்டைப் பற்றி மட்டும் இன்று கூற விரும்புகிறேன்.

கான்கிரீட்டு பார்வைக்குக் கல். உண்மையில் நுண்துளைகள் நிறைந்தது. சீசியம் போன்ற கதிரியக்கப் பொருள் கரைந்த நீர் தரையில் சிந்தினால், அத்துளைகளின் வழியே உள்ளே ஊறிவிடும். கழுவினாலும் முற்றும் போகாது. ஆயினும் பெரும்பாலும் அது மேலாகவே தங்கிவிடுகிறது. ஆகவே மேற்பரப்பை மட்டும் பெயர்த்தால் போதும். உளியால் கொத்தலாமே என்பீர்கள். கொத்தினால் எழும் தூசி பணியாளரின் நுரையீரலிற் புகும். நீரைப் பீய்ச்சினாலோ, அந்நீரே புதிய கழிவாகும்.

இங்கேதான் நுண்ணலை உதவுகிறது. கான்கிரீட்டின் துளைகளில் என்றும் சிறிது ஈரம் உண்டு. நுண்ணலை பாய்ந்ததும் அவ்வீரம் ஆவியாகிறது. ஆவி விரைந்து வெளியேற வழியில்லை. அதன் அழுத்தமும், சூடேறிய பகுதி விரிவதால் உண்டாகும் விசையும் சேர்ந்து மேற்பரப்பைச் சில்லுகளாகத் தெறிக்கச் செய்கின்றன. உறிஞ்சுகுழாய் அவற்றை உடனே இழுத்துக்கொள்கிறது. ஜப்பானிய அறிஞர்கள் 1980-களில் இம்முறையை ஆராய்ந்தனர். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தார் 1990-களில் 2.45 கிகாஹெர்ட்ஸ், 10.6 கிகாஹெர்ட்ஸ் ஆகிய இரு அதிர்வெண்களில் சோதித்தனர். முன்னது வீட்டு நுண்ணலை அடுப்பில் பயன்படுவதே. அதிர்வெண் உயர உயர, வெப்பம் மேற்பரப்பை ஒட்டியே நிற்கும். பெயரும் அடுக்கும் மெல்லியதாகும்.

இதனால் என்ன பயன்? 60 சென்டிமீட்டர் கனமுள்ள சுவரில் ஒரு சென்டிமீட்டர் மட்டும் மாசுற்றது என்று கொள்வோம். அப்படியே இடித்தால் அறுபது பங்கும் கழிவு. பெயர்த்தெடுத்தால் ஒரு பங்கே கழிவு. எல்லா இடத்திற்கும் இம்முறை ஏற்றதன்று. உலைக்கு அண்மையிலுள்ள சுவரை நியூட்ரான்கள் ஊடுருவி ஆழத்திலேயே கதிரியக்கமாக்கியிருக்கும். அங்கே மேற்பரப்பை நீக்கிப் பயனில்லை.

ஒன்றை மறவாதீர்கள். நுண்ணலை கதிரியக்கத்தை அழிப்பதில்லை. இடம் மாற்றுகிறது, அவ்வளவே. சீசியம்-137 பாதியாகக் குறைய ஏறத்தாழ 30 ஆண்டுகள் வேண்டும். ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைய 300 ஆண்டுகள். அச்சில்லுகளை அதுவரை காக்க வேண்டியவர்கள் நம் பேரர்க்கும் பேரர். அவர்கள் தலையில் ஏற்றும் சுமையை அறுபதில் ஒன்றாகக் குறைப்பது நம் கடமையென்றே நான் கருதுகிறேன்.