பொறிக்கு விறல் உண்டோ?



செருமானிய நாடகம் என்றதும் நம் நினைவிற்கு வருபவர் பிரெக்ட். அவர் பிறந்த மண்ணில், கணிப்பொறிப் பித்துக் கொண்ட ஒரு தலைமுறை நாடக மேடையை எவ்வாறு மாற்றியுள்ளது என்பதையே இன்று பேச விழைகிறேன்.

கீசன் பல்கலைக்கழகத்தில் 1982இல் நாடகத்திற்கெனத் தனித்துறை தோன்றியது. அங்குப் பயின்ற ஹெல்கார்ட் ஹவுக், ஸ்டெஃபான் கேகி, டானியல் வெட்செல் ஆகிய மூவரும் 2000இல் அமைத்த குழுவே ரிமினி புரோட்டோகோல். தேர்ந்த நடிகர்க்கு மாற்றாக, தம் வாழ்வைத் தாமே எடுத்துரைக்க வல்ல எளிய மக்களை இவர்கள் மேடையேற்றினர். 2005இல் நிகழ்த்திய 'கால் கட்டா'வில் மேடையே கிடையாது. பார்வையாளர் ஒருவர் கைப்பேசியுடன் பெர்லின் தெருவில் நடப்பார். கொல்கத்தாவில் அழைப்பு மையமொன்றில் அமர்ந்திருக்கும் ஊழியர், அத்தெருக்களில் அவரை வழிநடத்துவார். இடையே நேதாஜி பெர்லினில் வாழ்ந்த நாள்களின் செய்தியும் வரும். முகமறியாக் குரலை நம்பி நடப்பதே அங்கு நாடகம்.

2010இல் ஹில்டெஸ்ஹைம் மாணவர்கள் தொடங்கிய 'மாகினா எக்ஸ்', கணினி விளையாட்டின் இலக்கணத்தையே அரங்கிற்குக் கொணர்ந்தது. பார்வையாளர் புதிரை அவிழ்க்கும்வரை நடிகர் சொன்னதையே சொல்லிக்கொண்டிருப்பார். சுவையான உத்திதான். ஆயினும், புதிரில் மூழ்கியவர் செவியில் சொல் விழுமா என்னும் ஐயம் எனக்கு உண்டு.

என்னை ஆழமாகத் தொட்டது, கேகி 2018இல் மியூனிக் காமர்ஷ்பீலே அரங்கில் இயக்கிய 'அன்கேனி வேலி'. எழுத்தாளர் தாமஸ் மெல்லே, உள்ளம் எழுச்சிக்கும் சோர்வுக்குமிடையே ஊசலாடும் நோயுடையவர்; 2016இல் அதைப் பற்றியே நூலெழுதியவர். அவர் முகத்தை வார்ப்பெடுத்துச் செய்த பொறியொன்று, மேடையில் கால்மேல் கால் போட்டமர்ந்து அவர் குரலில் சொற்பொழிவாற்றுகிறது. மெல்லே மேடையில் இல்லை. பொறியின் பின்மண்டை திறந்திருக்கிறது, கம்பிகள் தெரிகின்றன. ஏமாற்றும் நோக்கம் இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

மெய்ப்பாட்டியலுக்கு உரை வகுத்த பேராசிரியர், சுவைப்பொருள், சுவையுணர்வு, குறிப்பு, விறல் என நான்கினைக் கூறுவார். விறலாவது, உள்ளம் நெகிழ்ந்தவிடத்து உடம்பில் தானே எழும் நடுக்கமும் வியர்ப்பும் போன்றன. விறல்பட ஆடுபவள் விறலி. இப்பொறிக்கோ வியர்ப்பில்லை, நாத்தடுமாற்றமும் இல்லை. நேற்றுப்போலவே இன்றும் பேசும். எனவே அது நடிப்பன்று எனத் தள்ளிவிடலாமா?

என்னால் இயலவில்லை. தன் உடம்பையும் உள்ளத்தையும் நாள்தோறும் நம்பமுடியாத ஒருவர்க்கு, தடுமாறாத ஒன்று தமக்காகப் பேசுவது ஓய்வு. ஒருவகையில் விடுதலையும் கூட. மேடையில் இல்லாத விறல் காண்பவர் உடம்பில் எழுகிறது. உயிரற்றதெனத் தெரிந்தும் அதன்மேல் இரக்கம் பிறக்கிறது. அவ்விரக்கம் யாரைச் சென்று சேர்கிறது என்பதே நம்மைக் கலங்கவைக்கிறது. அச்சேறிய கவிதையும் ஆசிரியர் உடம்பின்றித்தான் படிப்பவரிடம் செல்கிறது. ஆனால் அது அவர் முகத்தை அணிந்துகொண்டு செல்வதில்லை. இவ்வேறுபாடு பெரிதென்று நான் கருதுகிறேன். இங்குள்ள கவிஞர்கள் மறுப்பின், அம்மறுப்பைக் கேட்க ஆவலுடன் அமர்கிறேன்.