வண்டி உங்களுடையது, கிராண்டு யாருடையது?

(பெட்டாலிங் ஜெயாவில் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)

 

சம்பளம், போனஸ், வீட்டுடைமை என்று பேசவேண்டிய மேடையில் பழைய பிக்-அப் வண்டிக்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். வேலை இருக்கிறது, தோழர்களே! இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் ஒவ்வொன்றாக வீடமைப்புப் பகுதிகளாக மாறின. லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் புல் வெட்டும் குத்தகை, காய்கறி வியாபாரம், பழைய இரும்பு வியாபாரம் என்று சொந்தக் காலில் நிற்க முயல்கின்றன. அவற்றுக்கெல்லாம் முதல் மூலதனம் ஒரு பிக்-அப் வண்டி. புதிது வாங்க வசதியில்லாதவன் பழையதைத் தேடுகிறான். அங்கேதான் அவன் ஏமாற்றப்படுகிறான். வண்டி கைக்கு வருகிறது, கிராண்டு வருவதில்லை.

கையில் பொருள் இருந்தும் தாளில் பெயர் இல்லாததன் கொடுமையை நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்? நாம் கூடியிருக்கும் இந்தப் பெட்டாலிங் ஜெயாவே, 1950-களின் தொடக்கத்தில் எபிங்காம் என்னும் ரப்பர் தோட்ட நிலத்தில் எழுந்த நகரம். அங்கே மரம் சீவியவர்களின் பெயர் அந்த நிலத்தின் எந்தப் பத்திரத்திலும் இல்லை. 1968-ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, பிரஜை அல்லாதார்க்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, பிரஜையாகும் தகுதி இருந்தும் மனுப் போடாதிருந்த எத்தனையோ பேர் கப்பலேறினார்கள். உழைப்பு இருந்தது, தாள் இல்லை. வண்டி சிறிய விஷயந்தான். ஆனால் பாடம் அதே பாடம்.

ஆகவே நாங்கள் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. வண்டியைச் செப்பனிடுவதும் அதன் பத்திரத்தைச் செப்பனிடுவதும் ஒரே வேலையின் இரண்டு பாதிகள். பத்திரத்தை முதலில் தொடங்குங்கள். ஸ்பேனரைப் பிறகு எடுங்கள்.

கிள்ளானுக்கு அப்பால் ஒரு தோட்டத்து ஸ்டோரின் பின்புறம் டாட்சன் 620 பிக்-அப் ஒன்று கிடந்தது. 1972 முதல் 1979 வரை ஜப்பானில் இந்த இன வண்டியைச் செய்தார்கள். அது ‘பி’ எழுத்தில் தொடங்கும் சிலாங்கூர் நம்பர் வண்டி. வாங்கலாம் என்று நாங்கள் நால்வர் சேர்ந்து போனோம். அங்கே முதலில் கேட்ட கேள்வி, “இஞ்சின் ஓடுமா?” என்பதன்று. “சாஸி நம்பர் எங்கே?” என்பதே.

அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் சாஸி நம்பரும், இஞ்சினில் பொறித்திருக்கும் நம்பரும், கிராண்டில் எழுதியிருக்கும் நம்பர்களும் ஒத்திருக்க வேண்டும். துருப்பிடித்திருந்தால் மண்ணெண்ணெய் தோய்த்த துணியாலும் மெல்லிய பிரஷ்ஷாலும் துடைத்துப் பாருங்கள். அந்த இடத்தில் கிரைண்டர் வைக்காதீர்கள், வெல்டிங் செய்யாதீர்கள். நம்பர் அழிந்தால், நேர்மையாக வாங்கிய வண்டியும் திருட்டு வண்டியாகக் கருதப்பட்டுப் பறிமுதலாகலாம்.

அடுத்து, சாலைப் போக்குவரத்து இலாகாவாகிய ஜே.பி.ஜே.யில் விசாரியுங்கள். பதிவில் உள்ள உரிமையாளர் யார்? கடன் கொடுத்த வங்கியின் பாத்தியதை இன்னும் நிற்கிறதா? சம்மன்கள் பாக்கியா? பெயர் மாற்றத் தடை உண்டா? முன்பெல்லாம் கண்ணாடியில் ஒட்டிய சாலை வரி வில்லையைப் பார்த்தே பாதி விவரம் அறியலாம். 2023 பிப்ரவரி முதல் தனியார் வண்டிகளுக்கு அதை ஒட்டும் கட்டாயம் இல்லை. எனவே கண்ணாடியை நம்பாமல் இலாகாவின் பதிவை நம்புங்கள்.

“கையெழுத்துப் போட்ட பாரம் இருக்கிறது, பெயரை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்” என்று சில வியாபாரிகள் சொல்வார்கள். எங்களுக்குத் தெரிந்த புல் வெட்டும் தொழிலாளி ஒருவர் அப்படித்தான் வாங்கினார். இரண்டாண்டு ஓட்டியபின், பதிவிலிருந்த உரிமையாளரின் வங்கிக் கடனுக்காக வண்டியை இழுத்துச் சென்றார்கள். அவர் கொடுத்த பணமும் போயிற்று, மாற்றிய டயரும் போயிற்று, பிழைப்பும் போயிற்று. 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு, வண்டி கைமாறினால் ஏழு நாட்களுக்குள் இலாகாவுக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. ‘அப்புறம்’ என்ற சொல்லுக்குச் சட்டத்தில் இடமில்லை.

எங்கள் டாட்சனுக்கு வேறொரு சிக்கல். பதிவிலிருந்த உரிமையாளர் இறந்து ஆறாண்டுகள் ஆகியிருந்தன. அவர் மனைவியைப் போய்ப் பார்த்தோம். “தம்பி, வண்டிக்கு நீங்க குடுக்கறதைக் குடுங்க. ஆனா அவரு பேருக்கு நாளைக்கு ஒரு சம்மன் வரக்கூடாது. அவரு பேரு சுத்தமா இருக்கணும்” என்றார் அந்த அம்மாள். வாங்குபவனுக்கு மட்டுமன்று, விற்பவருக்கும் இதில் மானம் இருக்கிறது என்பதை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

இறந்தவர் கையெழுத்திட முடியாது. அவருக்காக மனைவி கையெழுத்திட்டாலும் செல்லாது. வாரிசு யார் என்பதை அதிகாரமுள்ள இடம் சொல்ல வேண்டும். இறந்தவர் உயில் எழுதாமல், நிலமோ வீடோ இன்றி, வண்டி, சேமிப்பு போன்ற அசையும் சொத்துகளை மட்டும் 6,00,000 ரிங்கிட்டுக்கு மேற்படாமல் விட்டுச் சென்றிருந்தால், அமானா ராயா நிறுவனத்தில் மனுச் செய்யலாம். 1921-இல் அரசாங்க இலாகாவாகத் தோன்றி, 1995-இல் நிறுவனமாக மாற்றப்பட்டது அது. நிலமும் சேர்ந்த சிறு சொத்தானால், 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நில அலுவலகம். மற்றவற்றுக்கு உயர் நீதிமன்றம். மரணப் பத்திரம், திருமணப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள், அடையாளக் கார்டுகள் ஆகியவற்றை அந்த அம்மாளுடன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திரட்டினோம். இஞ்சினுக்கு ஆன நாட்களைவிட இதற்கு ஆன நாட்களே அதிகம். ஆனால் உத்தரவு வந்தபின் எவரும் கேள்வி கேட்கவில்லை.

தோழர்களே, இனி ஸ்பேனருக்கு வருவோம்.

நெடுநாள் நின்ற இஞ்சினை உடனே ஸ்டார்ட் செய்யக் கூடாது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது எண்ணெய் விட்டு, ஓர் இரவு ஊறவிட்டு, கையாலேயே சுழற்றிப் பாருங்கள். தடையின்றிச் சுழன்றால் நம்பிக்கை உண்டு. பழைய பெட்ரோல் பிசினாகி இருக்கும்; அதை வடித்து, டாங்கியையும் கார்புரேட்டரையும் சுத்தம் செய்யுங்கள். எலி கடித்த வயர்களை மாற்றும்வரை பாட்டரியை இணைக்காதீர்கள்.

அடிச்சட்டத்தைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உளுத்த இரும்பு சொத்தென்று ஒலிக்கும். உளுத்ததை வெட்டி எடுத்து இரும்புத் தகடே வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். புட்டி பூசி வர்ணம் அடிப்பது, காயத்தைக் கழுவாமல் கட்டுப் போடுவது போன்றது. வெல்டிங் செய்யுமுன் பெட்ரோல் டாங்கியைக் கழற்றி அப்புறப்படுத்துங்கள்.

வண்டி ஓடக் கற்குமுன் நிற்கக் கற்க வேண்டும். பிரேக்குதான் முதல் வேலை. இங்கே நம் தொழிலே நமக்கு ஆசிரியர். பழைய வண்டியில் இரும்புக்கு முன் சாவது ரப்பர். பிரேக் சிலிண்டருக்குள் இருக்கும் கிண்ணங்கள், பிரேக் ஹோஸ், ஸ்பிரிங் புஷ், கண்ணாடிப் பட்டி, டயர் எல்லாம் ரப்பர். வெயிலும் காற்றும் பட்டுப் பட்டு அது வெடிக்கும். எண்ணெய் பட்டால் ஊதிப் பெருக்கும். அதனால்தான் பிரேக் டப்பாவில் அதற்குரிய பிரேக் எண்ணெயைத் தவிர ஒரு சொட்டு இஞ்சின் எண்ணெயும் விழக்கூடாது. விழுந்தால் உள்ளிருக்கும் கிண்ணங்கள் உப்பி, பிரேக் இறுகும், அல்லது பிடிக்காமலே போகும். நான்கு சக்கரத்துக் கிண்ணங்களையும், மாஸ்டர் சிலிண்டரையும், ஹோஸ்களையும் ஒன்றுவிடாமல் மாற்றினோம்.

டயரில் பூ இருக்கிறதே என்று திருப்திப்படாதீர்கள். டயரின் பக்கவாட்டில் தயாரிப்பு எண் இருக்கும். கடைசி நான்கு இலக்கங்களில் முன்னிரண்டு வாரம், பின்னிரண்டு ஆண்டு. அந்த எண் மூன்றே இலக்கமாக இருந்தால், அது 2000-க்கு முந்திய டயர். அதைத் தோட்டத்துப் பிள்ளைகளின் ஊஞ்சலுக்குக் கொடுங்கள்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. பழைய இஞ்சின் தேறவில்லை என்று வேறு இஞ்சினைத் தூக்கி வைக்க எண்ணினால், ஜே.பி.ஜே.யின் அனுமதியை முன்னதாகப் பெறுங்கள். அந்த இஞ்சின் வாங்கிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நிறத்தை மாற்றினாலும் பதிவில் ஏற்றவேண்டும். எங்கள் வண்டிக்குப் பழைய இஞ்சினையே பிழைக்க வைத்தோம்; பழைய நிறத்தையே அடித்தோம். செலவும் குறைந்தது, மனுவும் குறைந்தது.

பிறகு சோதனை. 1994 முதல் இந்தப் பணியைச் செய்துவருவது புஸ்பாகோம். இப்பொழுது வேறு நிறுவனங்களும் இப்பணிக்கு வர அரசாங்கம் வழி திறந்திருக்கிறது. அங்கே நம்பர்களை ஒப்பிடுவார்கள். பிரேக்கு, விளக்கு, புகை, அடிப்பாகம் எல்லாம் பார்ப்பார்கள். சாலை வரி இல்லாத வண்டியை அங்கே ஓட்டிச் செல்லாதீர்கள். இழுவை லோரியில் ஏற்றிச் செல்லுங்கள்.

அடுத்தது இன்சூரன்ஸ். மூன்றாம் தரப்பார் காப்புறுதி இல்லாமல் வண்டி ஓட்டுவது குற்றம். பழைய வண்டிக்குச் சில கம்பெனிகள் கைவிரிக்கும். மனம் தளர வேண்டாம். மற்ற இடங்களில் காப்புறுதி கிடைக்காத வண்டிகளுக்கென்றே 1992-இல் மலேசிய மோட்டார் இன்சூரன்ஸ் கூட்டு நிதி அமைக்கப்பட்டது. அதைப் பற்றிக் கேளுங்கள். காப்புறுதி கிடைத்தபின் பெயர் மாற்றம், சாலை வரி. இலாகாவின் கவுண்டரில் விற்பவரும் வாங்குபவரும் நேரில் நின்று கட்டைவிரல் ரேகை வைப்பதே பாதுகாப்பான முறை. ஒரு காலத்தில் எழுதத் தெரியாததால் நம் முன்னோர் கைநாட்டு வைத்தார்கள். எதில் வைக்கிறோம் என்று அறியாமல் வைத்தார்கள். இன்று வாசித்து அறிந்து வைக்கிறோம். அதுவே வித்தியாசம்.

வண்டி கிடைத்தபின்னும் கடமை உண்டு. பிறர் சரக்கைக் கூலிக்கு ஏற்றுவதானால் அதற்குத் தனி உரிமம் தேவை; முன்கூட்டியே விசாரியுங்கள். சரக்கு ஏற்றும் தட்டில் ஆட்களை ஏற்றாதீர்கள். லோரித் தட்டில் நின்றபடி வேலைக்குப் போன காலம் நமக்கு இருந்தது. அதை நம் பிள்ளைகளுக்கு நாமே திரும்பக் கொடுக்கலாகாது.

அந்த டாட்சன் இன்று நாற்றுகளும் உரமும் ஏற்றிக்கொண்டு ஓடுகிறது. அதன் கிராண்டில் எங்களில் ஒருவர் பெயர் இருக்கிறது. மற்ற மூவரின் பங்கைத் தனி ஒப்பந்தமாக எழுதி முத்திரை வரி கட்டி வைத்திருக்கிறோம். நண்பர்களுக்குள் எதற்குத் தாள் என்று கேட்டார்கள். நண்பர்களாகவே இருப்பதற்குத்தான் என்றோம்.

உங்கள் வீட்டு வாசலிலும் யார் பெயரிலோ ஒரு வண்டி நிற்கலாம். காலமான தகப்பனார் பெயரில் இருக்கலாம்; எங்கேயோ போய்விட்ட முதலாளி பெயரில் இருக்கலாம். இன்றிரவே பெட்டியைத் திறந்து அந்தக் கிராண்டை எடுத்துப் படியுங்கள். வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டுங்கள். புரியாததைக் குறித்துக்கொண்டு உங்கள் கிளைச் செயலாளரிடம் கேளுங்கள்; அவர் இலாகாவில் கேட்கட்டும். கேட்பதற்குக் கூச்சப்பட்டு இழந்தவை போதும், தோழர்களே!