நன்றாக விற்கும் சரக்கை நிறுத்தும் துணிவு



மண்ணையும் நீரையும் கெடுக்காமல் தொழில் நடத்த முடியுமா? முடியும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையைக் கொடுத்த ஒரு கொல்லரைப் பற்றித்தான் இந்தத் திருப்பூர் மேடையில் பேச விரும்புகிறேன்.

அவர் பெயர் இவான் ஷ்வினார்ட். அமெரிக்காவில் மலையேறித் திரிந்த இளைஞர். 1957இல் ஒரு பழைய உலையை வாங்கி, கொல்லு வேலையைத் தானே கற்றுக்கொண்டு, பாறை வெடிப்பில் அடித்துக் கயிறு மாட்டும் எஃகு முளைகளைச் செய்தார். ஒரு முளை ஒன்றரை டாலர். காரில் வைத்தே விற்றார். 1970 வாக்கில் அந்த நாட்டின் மலையேற்றச் சாமான் வியாபாரத்தில் அவர் நிறுவனமே முதலிடம் பிடித்தது.

அந்த நேரத்தில்தான் யோசமிட்டியின் எல் கேப்பிட்டான் பாறையில் ஏறிய ஷ்வினார்ட் திடுக்கிட்டார். அவருடைய முளை கெட்டியான எஃகு. அடிக்கலாம், பிடுங்கலாம், மறுபடி அடிக்கலாம். அதற்காகத்தான் எல்லோரும் அதை வாங்கினார்கள். அதனால்தான் பாறையும் சிதைந்துபோயிருந்தது!

வியாபாரத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் அந்த முளைதான். நண்பர்களே, உங்கள் ஆர்டரில் பத்தில் ஏழு பங்கை நீங்களே வேண்டாம் என்று சொல்வீர்களா? அவர் சொன்னார். 1972இல் வந்த விலைப்பட்டியலிலேயே, முளை பாறையைக் கெடுக்கிறது என்று எழுதினார். கையால் செருகிக் கையாலேயே எடுத்துவிடக்கூடிய அலுமினிய ஆப்புகளைக் கொண்டுவந்தார். சில மாதங்களில் முளை வியாபாரம் படுத்தது. ஆப்புகள் செய்யச் செய்யத் தீர்ந்தன.

1973இல் அவர் தொடங்கிய துணி நிறுவனம்தான் படகோனியா. அங்கும் அதே சோதனை வந்தது. பருத்திக்கு அடிக்கும் நஞ்சைப் பற்றித் தெரிந்ததும், 1996 முதல் இயற்கைப் பருத்தி மட்டுமே என்று முடிவெடுத்தார்கள். ஊழியர்களைப் பஸ்ஸில் ஏற்றிப் பருத்திக் காட்டுக்கே அழைத்துப்போனார்கள். மருந்தடிக்காத பருத்தியில் அசுவினிப் பூச்சியின் பிசுக்கு ஒட்டியிருந்ததால், நூற்பது பெரும்பாடாயிற்று. தாய்லாந்தில் ஒரு மில் பஞ்சைக் குளிரில் உறையவைத்து நூற்றுக் காட்டியது. மில் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், அது எத்தனை பெரிய வேலை என்று! கொள்கையை மேடையில் பேசிவிடலாம். அதை நூலாக்கித் தருபவர் மில்காரர்தான்.

2011இல் அந்த நிறுவனம் தன் ஜாக்கெட்டின் படத்தைப் பத்திரிகையில் போட்டு, இதை வாங்காதீர்கள் என்று விளம்பரம் செய்தது. ஒரு ஜாக்கெட்டுக்கு 135 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்ற கணக்கையும் அதிலேயே அச்சிட்டது. கிழிந்தால் தைத்துக் கொடுக்கிறோம் என்றது. 2022இல் நிறுவனத்தின் உடைமையையே ஷ்வினார்ட் குடும்பம் விட்டுக்கொடுத்தது. தொழிலுக்குப் போட்டதுபோக மிஞ்சும் லாபம் இயற்கையைக் காக்கும் பணிக்கு என்று எழுதிவைத்துவிட்டார்கள்.

தோழர்களே, நொய்யல் ஆற்றின் கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் தேங்கியது. கீழே இருந்த விவசாயிகள் நீதிமன்றப் படியேறினார்கள். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன்பின், சாயநீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் வித்தையில் இந்த ஊர் முன்னேறியது. அந்தத் திறமை நம்மிடம் முன்பே இருந்தது. உத்தரவு வரும்வரை காத்திருந்தோமே, அதுதான் என் வருத்தம்! ஷ்வினார்டை எந்த நீதிமன்றமும் கூப்பிடவில்லை. பாறையைப் பார்த்தார், பட்டறையை மாற்றினார்.

லாபம் வந்தபின் மரம் நடுவது நல்ல காரியம். ஆனால் ஆற்றைக் கெடுத்துச் சம்பாதித்த பணத்தில் எத்தனை மரம் நட்டாலும் ஆறு திரும்பாது. இளைஞர்களே, காஸ்டிங் போடும்போதே தண்ணீருக்கும் கழிவுக்கும் விலை போடுங்கள். அந்த விலையைத் தரமாட்டேன் என்கிற பையரிடம் விளக்கிச் சொல்லுங்கள். கேட்கவில்லையென்றால் வேறு பையரைத் தேடுங்கள். உங்கள் சரக்கில் எது அதிகம் விற்கிறதோ, அதையே முதலில் சோதித்துப் பாருங்கள். அதை நிறுத்தவேண்டி வந்தால், கணக்குப் புத்தகம் பயமுறுத்தும், ஆனாலும் நிறுத்துங்கள். நாளை இந்த ஊர் உங்கள் லேபிளைப் பெருமையோடு காட்டும்.