கொல்லையில் ஒரு பட்டறை

ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கும் ஒருவனைக் கண்டால், "பொழுது எப்படிப் போகிறது?" என்று கேட்பது உலக வழக்கம். என்னையும் பலர் கேட்கிறார்கள். பொழுது போவதற்கு நான் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. ஆனால் அந்தப் பொழுதில் நான் செய்த வேலைகளில் ஒன்று பக்கத்து வீட்டுக் கிணற்றை வற்ற அடித்துவிட்டது. அந்தக் கதையைத்தான் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிட்டராக வேலை பார்த்தேன். 2016ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றேன். என் ஊர் பெரியபாளையத்திற்கும் கவரைப்பேட்டைக்கும் நடுவே, ஆரணி ஆற்றை ஒட்டியிருக்கும் ஒரு சிற்றூர். அங்கே ஓட்டு வீடு ஒன்று, இரண்டு ஏக்கர் நிலம், நாற்பதடி ஆழத்தில் படி வைத்துக் கட்டிய கிணறு, மூன்று பசுக்கள், பத்துப் பன்னிரண்டு பனைமரங்கள். இவ்வளவும் தந்தையார் விட்டுச் சென்றவை. ஆலைக்குச் சென்ற காலத்தில் இவற்றை நான் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே பார்த்தேன் என்று சொன்னால் மிகையாகாது. விளக்கு வைத்தபின் வீடு திரும்பும் மனிதனுக்குக் கொல்லையில் என்ன இருக்கிறதென்று தெரியுமா?

ஓய்வு பெற்றதும் மாட்டுக்கொட்டகையின் ஒரு மூலையை ஒழித்துச் சிறிய பட்டறை அமைத்துக்கொண்டேன். ஒரு பற்றுக்குறடு, ஒரு வெல்டிங் பெட்டி, துளையிடும் கருவி, பழைய அரங்கள். இவை போதுமானவையாக இருந்தன. முதலில் பழைய சைக்கிள் சங்கிலியையும் பற்சக்கரத்தையும் கொண்டு தீவனம் நறுக்கும் பொறி செய்தேன். பழைய தகரங்களால் கோழிக்கூடு செய்தேன். மூன்றாவதாகச் சாண எரிவாயுக் கலன். 1984இல் நம் நாட்டில் உருவான தீனபந்து என்னும் வகை அது. பூமிக்குள் செங்கல்லால் கவிழ்த்த கும்பம்போல் கட்டுவது. நாளொன்றுக்கு இருபத்தைந்து கிலோ சாணமும் அதே அளவு தண்ணீரும் கரைத்து ஊற்றினால், ஏறக்குறைய ஒரு கனமீட்டர் வாயு கிடைக்கும். சிறு குடும்பத்தின் சமையலுக்கு அது போதும். வெளியேறும் சாணக் கரைசல் நிலத்திற்கு நல்ல எரு. அடுப்பில் நீலச்சுடர் எரிந்த அன்று என் மனைவி, "ஆலைக்குச் செய்த வேலையில் பாதி வீட்டிற்குச் செய்திருந்தால் என் கண் இவ்வளவு கெட்டிருக்காது" என்றாள். அது பாராட்டா, குறையா என்று நான் விசாரிக்கவில்லை. பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

இந்த வெற்றிகளால் எனக்குச் சற்றுக் கர்வம் உண்டாயிற்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அடுத்து என் கவனம் கிணற்றின்மேல் சென்றது. மூன்று குதிரைச் சக்தி மோட்டார் ஒன்று அதில் முனகிக்கொண்டிருந்தது. கிணற்றின் அடியில் குழாய் இறக்கினேன். ஐந்து குதிரைச் சக்தி மோட்டார் ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கி, நானே பிரித்து, தேய்ந்த உறுப்புக்களை மாற்றிப் பூட்டினேன். 2017 தை மாதத்தில் அது ஓடத் தொடங்கிற்று. வாய்க்கால் கொள்ளாத தண்ணீர். மணிக்கு முப்பதாயிரம் லிட்டர் என்று அளந்து பார்த்துக் குதூகலித்தேன். நவரை நெல் அறுத்த கையோடு சொர்ணவாரிக்கும் ஓர் ஏக்கரில் நெல்லே நட்டேன். உழவர்க்கு மின்சாரம் இலவசம். மோட்டாரோ புதியதுபோல் ஓடுகிறது. நிறுத்துவதற்குக் காரணம் என்ன இருக்கிறது?

காரணம் இருந்தது. அதை நான் பார்க்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டின் வடகிழக்குப் பருவமழை பொய்த்திருந்தது. மார்கழிக்குச் சற்று முன் வந்த வர்தா புயல் மரங்களை முறித்ததே தவிர, குறையைத் தீர்க்கவில்லை. திருவள்ளூர் மாவட்டத்தில் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களையே நம்பியிருக்கிறது. அது தவறினால் அடுத்த கோடை முழுவதும் நிலத்தடி நீர்தான் கதி.

என் நிலத்திற்கு அடுத்த அரை ஏக்கரில் ஒரு மூதாட்டி கீரையும் கனகாம்பரமும் பயிரிட்டு வருகிறார். ஊரில் எல்லோருக்கும் அவர் ஆயா. அவருடைய கிணறு இருபத்தைந்து அடி. அந்த ஆண்டு வைகாசியில் ஒருநாள் காலை அவர் குடத்துடன் என் தொட்டியருகே வந்து நின்றார். "ஒரு குடம் எடுத்துக்கொள்கிறேன் தம்பி" என்றார். தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். மறுநாளும் வந்தார். மூன்றாம் நாள் என் மனைவி என்னிடம், "அவர் கிணறு எட்டு நாளாக வறண்டு கிடக்கிறது. நீங்கள் அந்தப் பக்கம் போய்ப் பார்த்தீர்களா?" என்று கேட்டாள். நான் போகவில்லை.

போய்ப் பார்த்தேன். அடியில் ஈரமண், அதில் ஒரு தவளை. கீரைப் பாத்திகள் சருகாகியிருந்தன. ஆயா என்னை ஒரு வார்த்தை குறை கூறவில்லை. கிணற்றுச் சுவரில் கையை வைத்துக்கொண்டு, "நாங்கள் ஏற்றம் இறைத்த காலத்தில் கிணறு எங்களுக்கு முன்னால் களைத்ததே இல்லை தம்பி" என்று மட்டும் சொன்னார்.

அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஏற்றத்தில் மிதிக்கும் ஆள் வெயில் ஏறியதும் இறங்கிவிடுவான். அவன் இளைப்பாறும் நேரத்தில் கிணறும் ஊறிக்கொள்ளும். மனிதனுடைய களைப்பே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. என் மோட்டாருக்குக் களைப்பு இல்லை. ஓரிடத்தில் விடாமல் இறைத்தால், அந்த இடத்தைச் சுற்றி நிலத்தடி நீரின் மட்டம் புனல்போலச் சரியும். ஆழமான கிணறு அந்தப் புனலின் அடிநுனியில் இருக்கும். ஆழமில்லாத கிணறு அதன் சரிவில் அகப்பட்டுக் காய்ந்து போகும். இயந்திரங்களோடு முப்பது ஆண்டு பழகிய நான் இதை அறியாதவன் அல்லன். அறிந்ததை என் கொல்லையோடு சேர்த்துப் பார்க்கவில்லை, அவ்வளவே.

குற்றம் செய்த கைவேலைக்காரன் முதலில் நாடுவது இன்னொரு கைவேலையைத்தான். வீட்டுக் கூரையின் தண்ணீரைக் கிணற்றுக்கு விடுவது என்று தீர்மானித்தேன். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயமாயிற்று. என் வீட்டில் அதன் பேருக்கு ஒரு குழாய் சுவரோரம் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டுத் தகரத்தில் தாழ்வாரக் கால்வாய் செய்தேன். கூழாங்கல், கரி, மணல் என்று அடுக்கி வடிகட்டும் தொட்டி கட்டினேன். ஆடியில் பெய்த முதல் மழையில் தண்ணீர் சலசலவென்று கிணற்றில் விழுந்தபோது, பாவம் கழிந்தது என்றே எண்ணினேன்.

பிறகு பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டேன். என் கூரையின் பரப்பு நூறு சதுர மீட்டர். எங்கள் பக்கத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,100 மில்லிமீட்டர் மழை. சேதாரம் போக லட்சம் லிட்டர் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். கேட்பதற்குப் பெரிய தொகைதான். ஆனால் என் மோட்டார் மணிக்கு முப்பதாயிரம் லிட்டர் இறைக்கிறது. ஆண்டு முழுவதும் வானம் என் கூரைக்குக் கொடுப்பதை அது மூன்றரை மணி நேரத்தில் எடுத்துவிடும்! பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

மறுபடி எடுத்தபோது கணக்கை வேறு முனையிலிருந்து தொடங்கினேன். ஓர் ஏக்கர் நெல்லுக்குப் போகம் ஒன்றுக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும். அதாவது ஏறத்தாழ நாற்பத்தெட்டு லட்சம் லிட்டர். அதே ஏக்கரில் கேழ்வரகு போட்டால் அதில் மூன்றில் ஒரு பங்கு போதும். மிச்சம் முப்பது லட்சம் லிட்டருக்கு மேல். என் கூரையைப்போல் முப்பது கூரைகளின் ஓராண்டு மழை! இதற்குப் பற்றுக்குறடு வேண்டாம், வெல்டிங் பெட்டி வேண்டாம். சித்திரையில் விதையை மாற்றினால் போதும். இந்த உண்மையை ஏற்றுக்கொள்வது என் போன்றவனுக்கு எளிதல்ல. செய்து காட்டத் தெரிந்தவனுக்குச் செய்யாமலிருப்பது ஒரு வேலையாகவே தோன்றாது.

2018 சொர்ணவாரியில் நெல்லை விட்டுக் கேழ்வரகு விதைத்தேன். வருமானம் குறைந்தது. அதை மறைப்பதில் பயனில்லை. அந்த ஆண்டு ஆவணியில் ஊர்த் தாங்கலுக்கு வரும் கால்வாயைச் சீர்செய்ய நாலைந்து பேர் சேர்ந்தோம். தாங்கல் என்பது எங்கள் பக்கத்துச் சிற்றேரி. அது நிறைந்தால் சுற்றிலுமுள்ள கிணறுகள் தாமே ஊறும். கால்வாயில் சீமைக் கருவேலம் காடாக மண்டியிருந்தது. வெட்டிக்கொண்டே வந்து அளவுநாடாவைப் பிடித்தபோது, என் வயல் வரப்பு மூன்றடி கால்வாய்க்குள் இருந்தது. தந்தையார் காலத்தில் நகர்ந்ததோ, அதற்கு முன்போ, யார் கண்டார்கள்? வரப்பை வெட்டிப் பழைய இடத்தில் போட்டேன். வேறு இருவரும் அவ்விதமே செய்தார்கள். செய்யாதவர்களும் உண்டு.

அந்த ஐப்பசி மழையும் குறைவே. தாங்கல் நிறையவில்லை. 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, அச்செய்தி உலகெங்கும் பரவியதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பூண்டி, சோழவரம், புழல் மூன்றும் எங்கள் மாவட்டத்தில் உள்ளவை. ஊருக்கு ஊர் தண்ணீர் லாரிகள் வந்தன. என்னிடமும் ஒருவர் வந்து லாரிக்கு இவ்வளவு என்று பணம் பேசினார். மகளின் திருமணக் கடன் அப்போது முழுவதும் தீரவில்லை. ஓர் இரவு அவகாசம் கேட்டேன். கேட்டதே தவறு என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் கேட்டேன்.

விடியற்காலையில் எழுந்து கயிற்றில் கல் கட்டி ஆயாவின் கிணற்றை அளந்தேன். இரண்டாண்டுகளுக்கு முன் தவளை உட்கார்ந்திருந்த இடத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. 2017ஐப் போன்றதே இந்தக் கோடையும். வித்தியாசம் என் வயலில் நெல் இல்லை என்பதுதான். லாரிக்காரரிடம் முடியாது என்று சொல்லி அனுப்பினேன். அவர் வேறு கிணற்றைக் கண்டுபிடித்திருப்பார்.

எங்கள் ஊருக்குத் தென்கிழக்கே மீஞ்சூர் இருக்கிறது. அங்கு நகரத்துக்கும் ஆலைகளுக்கும் வயல்களுக்கும் பல்லாண்டுகள் அளவின்றி இறைத்ததால், கடல்நீர் நிலத்தடியில் பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் உட்புகுந்துவிட்டது. கிணறு வற்றினால் அடுத்த மழையில் ஊறும் என்று காத்திருக்கலாம். உப்பேறினால் எத்தனை மழைக்குக் காத்திருப்பது? ஆயாவின் கிணற்றையும் என் கிணற்றையும் மட்டும் பற்றிய விஷயமாக இதை நான் நினைக்காததற்கு அதுவே காரணம்.

கடைசியாக ஒரு கைவேலை செய்தேன். அதைச் சொல்லி முடித்துவிடுகிறேன். வாய் மூடிய பழைய எண்ணெய்க் கேனில் பாதியளவு மணல் இட்டுக் கிணற்றில் மிதக்கவிட்டேன். அதிலிருந்து மெல்லிய கம்பி ஒன்று கப்பி வழியாக மோட்டாரின் சுவிட்சுக்குப் போகிறது. தண்ணீர் இருக்கும்வரை கேன் மிதக்கும், கம்பி தளர்ந்திருக்கும். தண்ணீர் பன்னிரண்டாம் படிக்குக் கீழே இறங்கினால் கேன் அந்தரத்தில் தொங்கும். கம்பி இழுபட்டு மோட்டார் நின்றுவிடும். பன்னிரண்டாம் படி என்பது ஆயாவின் கிணற்றில் முழங்கால் தண்ணீர் நிற்கும் மட்டம். கயிறும் கல்லுமாகப் பல நாள் இரண்டு கிணறுகளையும் அளந்து அதைக் கண்டேன். கடையில் வாங்கும் கருவியும் இதையே செய்யும். ஆனால் இது பழுதானால் நானே இறங்கிச் சரிசெய்யலாம்.

பின்வந்த ஆண்டுகளில் நிவர், மிக்ஜாம் என்று புயல்கள் வந்து தாங்கலை நிரப்பிச் சென்றன. ஆகையால் கிணறுகள் இன்று செழித்திருப்பதில் என் பங்கு எவ்வளவு, மழையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல நான் துணியவில்லை. நாள்தோறும் காலையில் மட்டத்தை அளந்து நோட்டில் குறித்து வருகிறேன். அடுத்த பஞ்சம் வரும்போது அந்த நோட்டுக்கு வேலை இருக்கும்.

கருவி பூட்டிய அன்று ஆயாவை அழைத்துக் காட்டினேன். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. தண்ணீர் படிப்படியாக இறங்கிற்று. சிறிது நேரத்தில் கேன் தொங்கியது, கம்பி அசைந்தது, மோட்டார் ஒரு பெருமூச்சு விட்டாற்போல் நின்றது. ஆயா எட்டிக் கிணற்றைப் பார்த்தார். பிறகு மோட்டாரைப் பார்த்தார்.

"பரவாயில்லை தம்பி! இப்போதுதான் இதற்கும் களைப்பு வருகிறது" என்றார்.