மனச்சோர்வும் தொழில்வழிச் சிகிச்சையும்

மனச்சோர்வு உள்ளத்தை வாட்டுவதோடு நிற்பதில்லை; மனிதரின் அன்றாடத்தையே குலைத்துவிடுகிறது. காலையில் எழுவது, குளிப்பது, சமைப்பது, வேலைக்குப் போவது, பிள்ளைகளோடு பேசுவது என ஒவ்வொன்றாக நின்றுபோகின்றன. செயல் குறையக் குறைய மகிழ்ச்சிக்கும் தன்னம்பிக்கைக்குமான வழிகள் அடைபட்டு, சோர்வு மேலும் முற்றுகிறது. இச்சுழலைச் செயலின் பக்கத்திலிருந்து அறுப்பதே தொழில்வழிச் சிகிச்சையின் பணி. தன்னைப் பேணுதல், உழைத்தல், ஓய்வில் விரும்பியதைச் செய்தல் ஆகிய மூன்றும் அதன் எல்லைக்குள் அடங்கும்.

அமெரிக்காவில் இத்துறைக்கான தேசியச் சங்கம் 1917-இல் அமைந்தது. வேலை, விளையாட்டு, ஓய்வு, உறக்கம் ஆகிய நான்கின் சமநிலையை மனநலத்துக்கு அடிப்படையாக வைத்து, மனநல மருத்துவர் அடால்ஃப் மேயரின் கட்டுரை 1922-இல் வெளிவந்தது. இந்தியாவில் கமலா நிம்ப்கர் 1950-இல் பம்பாயில் தொடங்கிய பயிற்சிப் பள்ளியால் இத்துறை வேரூன்றியது.

சிகிச்சை மதிப்பீட்டில் தொடங்குகிறது. நாள் எப்படிக் கழிகிறது, எந்த வேளையில் சோர்வு மிகுகிறது, எந்தச் செயல் கைவிட்டுப் போனது என்பவை கேட்டறியப்படுகின்றன. கனடாவில் 1991-இல் வெளியான அளவுகோல் ஒன்றில், தமக்கு முக்கியமான செயல்களை நோயாளியே சொல்கிறார். அவற்றைத் தாம் செய்யும் விதத்துக்கும் அதில் பெறும் நிறைவுக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் இடுகிறார். இலக்கு அவருடையதாக இருப்பதே இம்முறையின் வலிமை. எல்லோருக்கும் ஒரே கைவேலையைக் கொடுத்து நேரம் போக்குவது சிகிச்சையாகாது.

அடுத்து, செயல் சிறு படிகளாகப் பிரிக்கப்படுகிறது. சமையலை விட்டவர் முதலில் காய் நறுக்குகிறார். பிறகு ஒரு குழம்பு வைக்கிறார். சில வாரங்களில் ஒரு வேளைச் சாப்பாட்டை முழுதாக ஆக்குகிறார். எழும் நேரமும் உறங்கும் நேரமும் வரையறுக்கப்படுகின்றன. மனம் தெளிந்தபின் செய்யலாம் என்று காத்திருக்காமல், குறித்த நேரத்தில் செய்யப் பழகுவதே இங்கு முறை. எல்லாவற்றையும் தாங்களே செய்துவிடாமலும், சோம்பல் என்று பழிக்காமலும் துணைநிற்கக் குடும்பத்தார்க்கும் வழி சொல்லப்படுகிறது. பணிக்குத் திரும்புவோர்க்கு வேலை நேரம் படிப்படியாகக் கூட்டப்படுகிறது.

கடும் மனச்சோர்விலும் தற்கொலை எண்ணத்திலும் மனநல மருத்துவரின் உடனடிக் கவனிப்பே முதன்மை. மருந்துக்கும் உளவியல் சிகிச்சைக்கும் தொழில்வழிச் சிகிச்சை துணையே அன்றி மாற்றன்று. வேலை தொடர்பான மனச்சோர்வு குறித்து நெதர்லாந்தில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வு ஓர் உண்மையை உணர்த்தியது. வழக்கமான சிகிச்சையோடு தொழில்வழிச் சிகிச்சையைச் சேர்த்தபோது நோய்க்குறிகள் கூடுதலாகக் குறையவில்லை. ஆனால் முதல் 18 மாதங்களில் இழந்த வேலைநாட்கள் குறைந்தன. நோய் தணிவது வேறு, வாழ்க்கை மீள்வது வேறு. இரண்டாவதற்கும் தனிச் சிகிச்சை வேண்டும்.

ஆகவே, நோயாளி எதை மீண்டும் செய்யத் தொடங்கினார் என்பதும் மருத்துவப் பதிவேட்டில் இடம்பெற வேண்டும். மாவட்ட மனநலத் திட்டக் குழு ஒவ்வொன்றிலும் தொழில்வழிச் சிகிச்சையாளர் ஒருவர் அமர்த்தப்பட வேண்டும். இவ்விரண்டுக்கும் செயல்திட்டம் வகுப்பதே நம் முதற்கடமை.