500 ரூபாய் லஞ்சம், 400 கோடி ரூபாய் நன்கொடை

(கரடியூரில் இளைஞர்கள் கூட்டிய படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலையில் ஒண்டிக்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். இந்தக் கூட்டத்துக்கு நோட்டீஸ் ஒட்டிய தம்பி ஒருவர் கேட்டார். "அண்ணே, தேர்தல் பணம்னா கவர்ல வர்றதுதானே? நோட்டீஸ்ல வெளிநாட்டுப் பணம்னு போட்டிருக்கீங்க. நம்ம மலைக்கு வெளிநாட்டுல இருந்து யாருண்ணே கவர் குடுக்கப் போறா?"

நியாயமான கேள்வி. நான் இன்று பேசப்போவது முழுவதும் அவருக்கான பதில்தான்.

முதலில் கவர் பற்றி. ஒவ்வொரு தேர்தலிலும் நம் ஊர்களுக்குக் கவர் வருகிறது. எங்கள் வீட்டுக்கும் வந்திருக்கிறது. என் அம்மா காபித் தோட்டத்தில் பழம் பறித்தவர். கவரில் இருந்த 500 ரூபாயை அரிசி டப்பாவுக்குள் வைத்துவிட்டு, தான் நினைத்த சின்னத்துக்குப் போட்டுவிட்டு வந்தார். சேலத்தில் கல்லூரி சேர்ந்த முதல் ஆண்டில் ஒரு பேராசிரியர் வகுப்பில் சொன்னார்: "மலையில இருக்கிறவங்களும் காலனிக்காரங்களும் காசு வாங்கிட்டு ஓட்டுப் போடுறதாலதான் நாடு கெட்டுப்போச்சு." வகுப்பே சிரித்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அன்றைக்குச் சொல்ல முடியாத பதிலைத் தேடித்தான் நான் ஆராய்ச்சிக்கே வந்தேன் என்று சொன்னால் மிகையில்லை.

ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். அதற்காகத் தேர்தலையே நிறுத்தியிருக்கிறார்கள். 2016-ல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017-ல் ஆர்.கே.நகரிலும், 2019-ல் வேலூரிலும் நிறுத்தினார்கள். நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் கவருக்கு மேலே இன்னொரு பணம் இருக்கிறது. அது வாக்காளருக்குப் போவதில்லை, நேராகக் கட்சிக்குப் போகிறது. அதற்காக இந்த நாட்டில் ஒரு தேர்தல்கூட நின்றதில்லை. சட்டம்தான் மாறியது. அந்தக் கதையின் ஒரு நுனி நம் மலையில் இருக்கிறது.

சேர்வராயன் மலையில் பாக்சைட் வெட்டியதை இங்கிருக்கும் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். இங்கேயும் கொல்லிமலையிலும் வெட்டிய மண் மேட்டூரில் இருந்த மால்கோ ஆலைக்குப் போனது. மால்கோ என்றால் மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி. 1960-களில் உற்பத்தியைத் தொடங்கிய அந்த ஆலையை 1995-ல் ஸ்டெர்லைட் குழுமம் வாங்கியது. அந்தக் குழுமத்தின் தலைமை நிறுவனமாக லண்டனில் வேதாந்தா ரிசோர்சஸ் உருவானது. 2003-ல் அது லண்டன் பங்குச் சந்தைக்குள் நுழைந்தது. ஆக, சேர்வராயன் கோயில் பக்கத்து மண்ணுக்கு லண்டனில் ஒரு முதலாளி இருந்தார்.

2007-ல் நார்வே அரசின் ஓய்வூதிய நிதியம் வேதாந்தாவில் போட்டிருந்த பணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. சுற்றுச்சூழல் சேதம், பழங்குடி மக்களின் உரிமை மீறல் ஆகிய இரண்டும் காரணங்கள். அதற்கு முன் அந்த நிதியத்தின் நெறிமுறைக் குழு நான்கு ஆலைகளை ஆராய்ந்தது. ஒடிசாவின் லாஞ்சிகர், சத்தீஸ்கரின் கோர்பா, நம் தூத்துக்குடி, நம் மேட்டூர். நார்வேக்காரருக்கு உறுத்தியது நம் சட்டமன்றத்துக்கு ஏன் உறுத்தவில்லை? ஒடிசாவிலாவது நியம்கிரி மலையில் கிராமசபை கூட்டி மக்களைக் கேளுங்கள் என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 12 கிராமசபைகள் கூடின. 12-ம் வேண்டாம் என்றன. நமக்கு அந்தக் கேள்வியே வைக்கப்படவில்லை. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று ஒரு அங்குல நிலமும் கிடையாது. ஆகவே பழங்குடி கிராமசபைக்குத் தனி அதிகாரம் தரும் பெசா சட்டம் ஏற்காட்டுக்கு வராது. நமக்கு இருப்பது ஒரே ஒரு வழி. பழங்குடியினருக்கான தனித் தொகுதி. தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் அப்படி இருப்பவை இரண்டு, ஏற்காடும் சேந்தமங்கலமும். ஒன்று இந்த மலை, மற்றொன்று கொல்லிமலை. பாக்சைட் போன இரண்டு மலைகளும் இவைதான்.

இப்போது டெல்லிக்குப் போவோம்.

அயல்நாட்டுப் பணம் கட்சிகளுக்கு வரக் கூடாது என்று 1976-ல், நெருக்கடி நிலைக் காலத்தில், ஒரு சட்டம் வந்தது. எஃப்.சி.ஆர்.ஏ. என்று சொல்கிறோமே, அது. கட்சி, வேட்பாளர், எம்.எல்.ஏ., எம்.பி. யாரும் அயல்நாட்டு மூலத்திலிருந்து பணம் வாங்கக் கூடாது. ஒரு கம்பெனியின் பாதிக்கு மேற்பட்ட பங்குகள் அயல்நாட்டுக் கம்பெனியிடம் இருந்தால், அது இந்தியாவில் பதிவாகியிருந்தாலும் அயல்நாட்டு மூலம்தான். இவ்வளவு தெளிவாக எழுதியிருந்தார்கள்.

லண்டன் சந்தையில் இருக்கும் கம்பெனி, அரசியல் நன்கொடை கொடுத்தால் ஆண்டறிக்கையில் சொல்லியாக வேண்டும். வேதாந்தாவும் இந்தியக் கட்சிகளுக்குக் கொடுத்ததை டாலர் கணக்கில் எழுதியது. நம் நாட்டுக் கட்சியின் வரவை லண்டன் அறிக்கையைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை. ஓய்வுபெற்ற மத்திய அரசுச் செயலர் இ.ஏ.எஸ். சர்மாவும் ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கமும் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2014 மார்ச் 28 அன்று தீர்ப்பு வந்தது. ஸ்டெர்லைட், சேசா கோவா போன்ற வேதாந்தா கம்பெனிகளிடம் பணம் வாங்கியதில் காங்கிரசும் பாஜகவும் சட்டத்தை மீறியிருக்கின்றன. ஆறு மாதத்தில் நடவடிக்கை எடுங்கள். முதலாளி இந்தியக் குடிமகன்தானே என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. பங்கு யாரிடம் இருக்கிறது என்பதே கேள்வி என்றது.

நடவடிக்கை வந்ததா? இரண்டு கட்சிகளும் உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போயின. இடையில் 2016-ல் நிதி மசோதாவுக்குள் ஒரு திருத்தத்தைச் செருகினார்கள். அந்தத் துறையில் அனுமதிக்கப்பட்ட அந்நிய முதலீட்டு வரம்புக்குள் இருந்தால், பாதிக்கு மேல் பங்கு வெளிநாட்டில் இருந்தாலும் அது அயல்நாட்டு மூலம் இல்லை. அதுவும் முன்தேதியிட்டு, 2010-லிருந்து. அந்த நவம்பரில் இரண்டு கட்சிகளும் மேல்முறையீட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டன.

ஆனால் ஒரு கணக்குத் தவறிவிட்டது. வழக்கில் இருந்த நன்கொடைகள் 2010-க்கு முந்தியவை, பழைய சட்டத்தின் கீழ் வருபவை. ஆகவே 2018-ல் இன்னொரு நிதி மசோதா. 2010 என்ற தேதியை அடித்துவிட்டு 1976 ஆகஸ்ட் 5 என்று எழுதினார்கள். பழைய சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் அது. 42 ஆண்டுகள் ஒரே வரியில் கழுவப்பட்டன. 2018 மார்ச் 14 அன்று அந்த நிதி மசோதா மக்களவையில் விவாதமே இல்லாமல் நிறைவேறியது. நிதி மசோதா என்பதால் மாநிலங்களவையால் தடுக்கவும் முடியாது.

அதே ஆண்டு மே 22. தூத்துக்குடியில் ஸ்டெர்லைட்டை மூடச் சொல்லி ஊர்வலம் போன மக்கள் மீது காவல்துறை சுட்டது. 13 பேர் கொல்லப்பட்டார்கள். இரண்டு தேதிக்கும் இடையே சுமார் பத்து வாரம். ஒன்று மற்றதற்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. சான்று இல்லாமல் சொல்வது ஆராய்ச்சிக்காரன் வேலை இல்லை. நான் சொல்வது இதுதான்: ஒரே குழுமத்தின் விஷயத்தில், நன்கொடைக்கு மன்னிப்பு கேட்காமலே கிடைத்தது. மனுவோடு போனவர்களுக்குக் குண்டு கிடைத்தது.

அடுத்து தேர்தல் பத்திரம். யார் கொடுத்தார், யாருக்குக் கொடுத்தார் என்று மக்களுக்குத் தெரியாமல் கொடுக்கும் ஏற்பாடு. கம்பெனி தன் லாபத்தில் 7.5 விழுக்காட்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்ற வரம்பையும் 2017-ல் எடுத்துவிட்டார்கள். 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் இரண்டையும் ரத்து செய்தது. பட்டியல் வெளியே வந்தது. வேதாந்தா வாங்கிய பத்திரம் சுமார் 400 கோடி ரூபாய். பெரும்பகுதி பாஜகவுக்கு, அடுத்த பங்கு காங்கிரசுக்கு. நம் மாநிலக் கட்சிகளைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. திமுக பெற்றது 656.5 கோடி. அதில் 509 கோடி ஒரே லாட்டரி கம்பெனியிடமிருந்து. லாட்டரியை 2003-லேயே தடை செய்த மாநிலம் இது. பத்திரம் வாங்கவில்லை என்று சொல்லக்கூடிய நிலையில் இருந்தவர்கள் இடதுசாரிகள் போன்ற சிலர்தான்.

தீர்ப்பு வந்ததும் முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். முடியவில்லை. எஃப்.சி.ஆர்.ஏ. திருத்தங்களை எதிர்த்த வழக்கை உச்ச நீதிமன்றம் 2023-லேயே தனியாகப் பிரித்துவிட்டது. 2024 தீர்ப்பு அதைத் தொடவில்லை. பத்திரம் என்ற ஜன்னலை அடைத்தார்கள். 2016-லும் 2018-லும் திறந்த வாசற்கதவு திறந்தே கிடக்கிறது.

இதே எஃப்.சி.ஆர்.ஏ. நம்மிடம் எப்படி நடந்துகொள்கிறது என்று பாருங்கள். 2012-ல் கூடங்குளம் அணு உலையை எதிர்த்து இடிந்தகரையில் மீனவப் பெண்கள் பட்டினி கிடந்தார்கள். போராட்டத்துக்குப் பின்னால் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் இருப்பதாக அன்றைய பிரதமர் மன்மோகன் சிங்கே பேட்டி கொடுத்தார். ஆயிரக்கணக்கானோர் மீது தேசத் துரோக வழக்கு வந்தது. 2020-ல் சட்டத்தை இன்னும் இறுக்கினார்கள். வெளிநாட்டு உதவி பெறும் அமைப்பு அதை வேறொரு அமைப்புக்குக் கொடுக்கவே கூடாது என்றார்கள்.

நான் எட்டாவது படிக்கும்போது இந்தப் பக்கத்தில் ஒரு மாலைப்பள்ளி இருந்தது. தகரக் கூரை, இரண்டு பெஞ்சு, ஒரு பெட்ரோமாக்ஸ். நடத்திய அக்காவுக்கு நகரத்து அமைப்பு ஒன்று மாதாமாதம் கொஞ்சம் பணம் அனுப்பும். அந்த அமைப்புக்கு ஜெர்மனியில் ஒரு தேவாலயத்திலிருந்து வரும். நான் ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படித்தது அங்கேதான். புதிய விதிக்குப் பிறகு நகரத்து அமைப்பால் அனுப்ப முடியவில்லை. பள்ளி மூடிவிட்டது. போன வாரம் அக்காவைப் பார்த்தேன். "நம்ம பணம் வெளிநாட்டுப் பணமாம்டா தம்பி" என்று சிரித்தார்.

தோழர்களே, இதுதான் நான் சொல்ல வந்தது. பணம் எங்கிருந்து வருகிறது என்பதை வைத்து இந்தச் சட்டம் இப்போது அயல்நாட்டை அளப்பதில்லை. யாருக்குப் போகிறது என்பதை வைத்து அளக்கிறது. மலைப்பிள்ளைக்குப் பெஞ்சு வாங்கினால் அது அயல்நாடு. மலையை வெட்டும் கம்பெனி கட்சிக்குக் கொடுத்தால் அது சுதேசி. வாங்கும் கை எந்தக் கை என்று பார்த்துத் தீட்டு சொல்வது நமக்குப் புதிதா?

தனித் தொகுதி விஷயத்துக்கு வருகிறேன். சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சத்துக்கு மேல் செலவு செய்யக் கூடாது. கட்சி செலவு செய்ய வரம்பே இல்லை. நம்மில் யாரிடம் 40 லட்சம் இருக்கிறது? ஆக, நம் வேட்பாளர் கட்சியின் பணத்தில் நிற்கிறார். கட்சி கம்பெனியின் பணத்தில் நிற்கிறது. நாளைக்கு இந்த மலையில் மறுபடியும் ஒரு சுரங்கம் வருகிறது என்று வையுங்கள். நம் எம்.எல்.ஏ. நல்லவராகவே இருக்கட்டும், நம் சொந்தக்காரராகவே இருக்கட்டும். எழுந்து நின்று கேட்க அவரால் முடியுமா? தனித் தொகுதியில் வெல்பவர் கடைசியில் யாருக்குக் கட்டுப்பட்டவராக இருப்பார் என்பதுதான் 1932-ல் பூனா ஒப்பந்த நேரத்தில் அண்ணல் அம்பேத்கரின் கவலை. அன்று அவர் பயந்தது எண்ணிக்கையில் பெரிய சாதிகளின் ஓட்டை நினைத்து. இன்று அதோடு கம்பெனிப் பணமும் சேர்ந்திருக்கிறது. நாற்காலி நமக்கு, வாய் அவர்களுக்கு.

என்ன செய்யலாம்? மூன்று விஷயம்.

ஒன்று, பிரித்து வைத்த அந்த வழக்கை விசாரிக்கச் சொல்லிக் குரல் எழ வேண்டும். பத்திரத்துக்கு எழுந்த சத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூட இதற்கு எழவில்லை.

இரண்டு, கட்சிகள் தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வர வேண்டும். ஆறு தேசியக் கட்சிகள் பொது அதிகார அமைப்புகளே என்று மத்தியத் தகவல் ஆணையம் 2013 ஜூனிலேயே உத்தரவிட்டது. ஒரு பெரிய கட்சியும் மதிக்கவில்லை. நம்மிடம் ஓட்டுக் கேட்டு வருபவரிடம், எந்தக் கட்சியானாலும், நம் தோழமைக் கட்சியானாலும், இதைக் கேட்போம்: உங்கள் கட்சிக்குப் பணம் கொடுத்தவர்களில் இந்த மலையில் குத்தகை கேட்பவர் யாராவது இருக்கிறாரா?

மூன்றாவது நமக்கு நாமே செய்துகொள்வது. இன்றைய கூட்டத்துக்கு மைக் செட், டீ, நோட்டீஸ் எல்லாம் சேர்த்து 3,200 ரூபாய். உங்களில் 64 பேர் ஆளுக்கு 50 ரூபாய் போட்டிருக்கிறீர்கள். பெயர்ப் பட்டியல் வாசலில் ஒட்டியிருக்கிறது. தேசியக் கட்சிகள் நீதிமன்றம் வரை போய் மறைக்க நினைத்ததை நீங்கள் ஒரு நோட்டுத் தாளில் எழுதி ஒட்டிவிட்டீர்கள். பழகினால் வேட்பாளரையும் இப்படி நிறுத்தலாம். தோற்கலாம்; பரவாயில்லை, கேள்வி கேட்கும் வாய் நம்மிடம் இருக்கும்.

காலையில் கேள்வி கேட்ட தம்பி பின்னால் நிற்கிறார். தம்பி, வெளிநாட்டிலிருந்து நம் வீட்டுக்கு யாரும் கவர் கொடுக்கவில்லை. நமக்காகப் பேச வேண்டியவர்களின் தலைமைக்குக் கொடுத்தார்கள். நாம் வாங்கிய 500 ரூபாய்க்கு நம்மைத் தலைகுனிய வைத்தார்கள். இனி குனிய வேண்டியது நம் தலை அல்ல.